தலைப்பு கேட்டு வரும் மாணவர் கையில் முதலில் ஒரு கெப்பாசிட்டரைக் கொடுங்கள்

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் யாராவது இருவர் சேர்ந்து வந்து அறைக் கதவைத் தட்டுவார்கள். "மேடம், ரிசர்ச் பண்ணணும். நல்ல டாபிக்கா ஒண்ணு சொல்லுங்க." வருபவர்கள் பெரும்பாலும் வகுப்பில் கெட்டிக்காரர்கள். சொல்வதற்குத் தலைப்புகளுக்கும் பஞ்சமில்லை. மின்வாகன சார்ஜர், மைக்ரோகிரிட், பேட்டரி ஆயுள் கணிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நான் எதையும் சொல்வதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். அந்தத் தலைப்பில் கிடைக்கிற கட்டுரைகளின் முன்னுரைகளை மட்டும் படித்து, அழகான ஸ்லைடுகள் செய்து எடுத்து வருவார்கள். அதில் எல்லாம் இருக்கும், கேள்வி மட்டும் இருக்காது.

இளநிலை மின்னியல் மாணவர்களை ஆராய்ச்சிப் பக்கம் கொண்டுவர நினைக்கும் சக ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவர்களும் படிக்கலாம், ரகசியம் ஒன்றுமில்லை. நான் பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபில் காலம் தள்ளுகிறவள். அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். கம்யூனிகேஷன், கன்ட்ரோல் ஆட்கள் தங்கள் லேபுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ரீடிங்கைத் திருத்தும் பழக்கம்

இரண்டு வருட லேப் வகுப்புகள் மாணவருக்கு ஒரு பழக்கத்தை ஊட்டியிருக்கும். மேனுவலில் விடை இருக்கிறது. ரீடிங் அதோடு ஒத்துப்போனால் மதிப்பெண். ஒத்துப்போகவில்லை என்றால் ரீடிங்கைக் கொஞ்சம் 'சரி செய்து' எழுதிவிடுவது. ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நின்றால் அதை அழிரப்பரால் அழித்துக் கோட்டின் மேல் வைப்பார்கள். இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் மதிப்பெண் போடும் முறை அப்படி. ஆனால் ஆராய்ச்சியில் கையிலிருக்கும் ஒரே மூலதனம் அந்த விலகி நிற்கும் புள்ளிதான். அதை அழிக்கிறவருக்கு எந்தத் தலைப்பைக் கொடுத்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆகவே முதல் வேலையாக, தனக்கு விடை தெரியும் என்று மாணவர் நினைக்கிற ஓர் அளவீட்டைக் கொடுங்கள். விடை கட்டாயம் ஒத்துப்போகாத அளவீடாக அது இருக்க வேண்டும். ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்குக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

என் கைவசம் இருப்பது 10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், எக்ஸ்5ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர். 0603 அளவு, அதாவது 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம். ஒரு சின்ன அடாப்டர் போர்டில் சால்டர் செய்துகொள்ளச் சொல்வேன். அதற்குத் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து உச்சிக்கு உச்சி 200 மில்லிவோல்ட் சைன் அலை. கெப்பாசிட்டரின் மேல் கிடைக்கும் அலை, உள்ளே போகும் அலையில் 70.7 சதவீதமாகக் குறைகிற அதிர்வெண் எது? அளந்து வா. அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டிலேயே செய்த சோதனை. சூத்திரத்தில் போட்டால் 159 ஹெர்ட்ஸ்.

பலர் 159-ஐக் கொண்டுவருவதில்லை. ஜெனரேட்டர் திரையில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜையே உள்ளே போகும் அலை என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு 110-க்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வரும். காரணம், ஜெனரேட்டருக்குள்ளேயே 50 ஓம் உட்கார்ந்திருக்கிறது. 100 ஓம் என்று நினைத்தது 150 ஓம் ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் 106 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டரின் சொந்த விலகலும் சேர்ந்துகொள்வதால் எண் அங்கேயும் இங்கேயும் கொஞ்சம் தள்ளி நிற்கும். இன்னும் சிலருக்கு வோல்ட்டேஜே திரையில் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வருகிறது. ஜெனரேட்டர் தன் மறுமுனையில் 50 ஓம் இருப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணைக் காட்டுகிறது, மெனுவில் அந்த அமைப்பை மாற்ற வேண்டும். இதை எதையும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். டேட்டாஷீட்டையும் கருவியின் கையேட்டையும் மாணவர் தானாகத் திறக்கும் முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஜெனரேட்டரில் டிசி ஆஃப்செட்டை, அதாவது அலையோடு சேர்த்துத் தரும் மாறாத வோல்ட்டேஜை, 0, 1, 2 என்று 5 வோல்ட் வரை ஏற்றி ஒவ்வொன்றிலும் அதே அதிர்வெண்ணைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். ஸ்கோப்பை (ஆசிலாஸ்கோப்பை) டிசியைத் தடுத்து அலையை மட்டும் காட்டும் ஏசி கப்ளிங்கில் வைத்தால்தான் 5 வோல்ட் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன அலை கண்ணுக்குத் தெரியும். 1 கிலோஓம் போடாமல் 100 ஓம் போட்டதற்கும் அதுதான் காரணம். 1 கிலோஓம் என்றால் அளக்க வேண்டிய அதிர்வெண் 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அங்கே ஸ்கோப்பின் ஏசி கப்ளிங்கே அலையைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஆஃப்செட் ஏற ஏற அதிர்வெண் மேலே போகும். 5 வோல்ட்டில் இரண்டு மடங்கையும் தாண்டிப் போகும் கெப்பாசிட்டர்கள் உண்டு. 10 மைக்ரோஃபாரட் என்று வாங்கியது உண்மையில் 5-க்கும் கீழே நிற்கிறது என்று பொருள்.

மாணவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். முதலில் கனெக்ஷனைச் சந்தேகிப்பார். பிறகு கெப்பாசிட்டர் கெட்டுவிட்டது என்று இன்னொன்றைப் போடுவார். அதிலும் அதே கதை. உள்ளே இருப்பது பேரியம் டைட்டனேட் சார்ந்த ஃபெர்ரோஎலக்ட்ரிக் பொருள். டிசி புலம் அதன் இருமுனைகளை ஒரு பக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்வதால், மேலே வரும் சின்ன ஏசி அலைக்கு அவை முன்போல அசைந்து கொடுப்பதில்லை. தயாரிப்பாளர்கள் இதை மறைப்பதும் இல்லை, விவரமான வரைபடங்களே தருகிறார்கள். ஆனால் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 10 மைக்ரோஃபாரட் மட்டும்தான்.

இதற்குமேல் கேள்விகள் தாமாக முளைக்கும். அலையின் உயரத்தை 200 மில்லிவோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டாக ஏற்றினால் கெப்பாசிட்டன்ஸ் ஏன் கூடுகிறது? நேற்று சால்டர் செய்ததும் போன மாதம் சால்டர் செய்ததும் ஏன் ஒரே எண்ணைத் தரவில்லை? (இந்த வகைப் பொருளுக்கு முதுமை உண்டு. கெப்பாசிட்டன்ஸ் காலத்தின் லாகரிதத்தை ஒட்டிக் குறைந்துகொண்டே வரும், போதுமான அளவு சூடாக்கினால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சால்டர் அயர்னே அந்த வேலையை ஓரளவு செய்துவிடும்.) 5 வோல்ட்டை அப்படியே ஒரு மணி நேரம் விட்டு வைத்தால் எண் நின்ற இடத்திலேயே நிற்குமா? ஒரே மதிப்பு அச்சிட்ட இரண்டு தயாரிப்பாளர்களின் பாகங்கள் ஒரே மாதிரி சரியுமா?

இவை யாருக்கும் தெரியாத விஷயங்கள் அல்ல. ஆனால் அந்த மாணவர் தானே கேட்ட கேள்விகள். அந்த ருசி ஒருமுறை பட்டுவிட்டால், தலைப்புக் கேட்டு வருகிறவர் அடுத்த முறை கேள்வியோடு வருவார்.

எது கேள்வி, எது வெறும் தலைப்பு

"பக் கன்வர்ட்டரின் செயல்திறனை மேம்படுத்துதல்" என்று எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ஆசை. "12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பக் கன்வர்ட்டரில், அச்சிட்ட கெப்பாசிட்டன்ஸை வைத்துக் கணக்கிட்ட ரிப்பிளைவிட (வெளியே வரும் டிசியின் மேல் மிஞ்சும் சின்ன அலை) அளந்த ரிப்பிள் கூடுதலாக வருகிறது. அந்தக் கூடுதலில் எவ்வளவு பங்கு டிசி பயாஸால், அதாவது கெப்பாசிட்டர் மேல் நிற்கும் டிசி வோல்ட்டேஜால், வருவது?" இது கேள்வி. மீதிப் பங்குக்குக் கெப்பாசிட்டரின் உள்தடையும் உள் இண்டக்டன்ஸும் போட்டிக்கு நிற்கின்றன, அளக்கும் ப்ரோபும் நிற்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றிப் பார்க்க முடியும். ஒரு பருவத்துக்குள் முடிகிற வேலை. பெரும்பங்கு டிசி பயாஸ்தான் என்று வந்தாலும், அது இல்லை என்று வந்தாலும், இரண்டையும் எழுதலாம். கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் மிகவும் பார்ப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். 'ஆம்' என்று வந்தால்தான் பிழைக்கும் என்கிற கேள்வியை இளநிலை மாணவர் தலையில் கட்டாதீர்கள். அவர் 'ஆம்' வரும்வரை ரீடிங்கைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்.

பாடநூலிலிருந்தே கேள்வி வரும் என்பதை மாணவர்கள் நம்புவதில்லை. எட்வின் ஹால் கதையைச் சொல்லுங்கள். ஹென்றி ரோலண்டிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூலில், காந்தப்புலத்தில் வைத்த கடத்தியின் மேல் வரும் விசை கடத்தியின் மீதுதான் செயல்படுகிறது, அதில் ஓடும் மின்னோட்டத்தின் மீதல்ல என்கிற பொருளில் ஓர் இடம் வருகிறது. ஹாலுக்கு அது ஒப்பவில்லை. ஆசிரியரிடம் கேட்டார், ஆசிரியருக்கும் அந்த இடத்தில் சந்தேகம் இருந்தது. கண்ணாடிமேல் பொருத்திய மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, காந்தப்புலத்தில் வைத்துக் குறுக்கே வோல்ட்டேஜைத் தேடினார். 1879-ல் அது கிடைத்தது. இன்று ஹால் விளைவு என்ற பெயரில் மோட்டார் டிரைவிலும் கரண்ட் சென்சாரிலும் இருப்பது அதுதான். மேக்ஸ்வெல் எழுதியதையே ஒரு மாணவர் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பது வகுப்பில் எப்போதும் எடுபடும்.

கார்ல் ஜான்ஸ்கியின் கதை வேறு வகை. பெல் லேபில் அவருக்கு இட்ட வேலை, தொலைதூர ரேடியோ பேச்சுக்கு இடையூறாக வரும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. 20.5 மெகாஹெர்ட்ஸில் சுழலும் ஆன்டெனா வைத்துப் பதிவு செய்தார். பக்கத்து இடி, தூரத்து இடி என்று இரண்டு வகையைப் பிரித்த பிறகும் மெல்லிய சீறல் ஒன்று மிச்சமிருந்தது. முதலில் சூரியனோ என்று பார்த்தார். மாதங்கள் போகப் போக, அதன் உச்சம் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்ல, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வருவது தெரிந்தது. அது நட்சத்திர நாளின் நீளம், அதாவது நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்றுச் சுழல எடுக்கும் நேரம். சீறல் நம் பால்வெளியிலிருந்து வந்தது. 1933-ல் அறிவித்தார், ரேடியோ வானியல் அங்கே பிறந்தது. 'மற்றவை' என்ற தலைப்பில் தள்ளிவிடத் தோன்றும் ரீடிங்கை அவர் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருந்தார் என்பதை மாணவருக்குச் சுட்டிக்காட்டுங்கள். நாலு நிமிட வித்தியாசத்தை நினைவிலிருந்து பிடிக்க முடியாது.

ஸ்கோப் காட்டுவது எல்லாம் சர்க்யூட் அல்ல

ஸ்விட்சிங் கன்வர்ட்டரில் கை வைத்த எல்லா மாணவரும் ஒருநாள் பயங்கரமான ஸ்பைக் ஒன்றைப் படமெடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். ஸ்பைக்கை அடக்க ஸ்னப்பர் சர்க்யூட் போடலாமா, ஃபில்டர் போடலாமா என்று கேட்பார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: ப்ரோபின் முனையை அதன் சொந்த கிரவுண்ட் கிளிப்பிலேயே மாட்டி, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாயா? முனையும் கிரவுண்டும் ஒன்றாக இருக்கும்போது திரையில் நேர்கோடு வர வேண்டும். வராது. அந்த ஸ்பைக்கின் பெரும்பகுதி அங்கேயும் தெரியும். கிளிப்பின் நீண்ட வயர் ஒரு வளையமாகி, ஸ்விட்சிலிருந்து வரும் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. போதாக்குறைக்கு அந்த வயரின் இண்டக்டன்ஸ் 150 நானோஹென்றி, ப்ரோபின் கெப்பாசிட்டன்ஸ் 10 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தாமாகவே மணியடிக்கும். கிளிப்பைக் கழற்றிவிட்டு முனையிலேயே பொருத்துகிற சின்ன ஸ்பிரிங் கிரவுண்டை மாட்டி அளந்தால் ஸ்பைக் சுருங்கிவிடும். மிச்சம் இருப்பதுதான் சர்க்யூட்டுடையது.

இதைச் செய்து காட்டுங்கள், சொல்லாதீர்கள். சர்க்யூட்டில் எதையும் மாற்றாமல் அளக்கும் முறையை மட்டும் மாற்றினால் ரீடிங் மாறுகிறதா என்று பார்க்கிற புத்தி, எந்தப் பாடத்திட்டத்திலும் தனி வகுப்பாக வருவதில்லை.

அடுத்தது, பலகையில் போட்டே தீர வேண்டிய ஒரு கணக்கு. கன்வர்ட்டருக்குள் போவது 10 வாட், வெளியே வருவது 9 வாட். செயல்திறன் 90 சதவீதம். உள்ளே வோல்ட்டேஜ், கரண்ட், வெளியே வோல்ட்டேஜ், கரண்ட் என நாலு ரீடிங். ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் நிச்சயமின்மை என்று வையுங்கள். நாலும் ஒன்றையொன்று சாராதவை என்றால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க 2 சதவீதம் வரும். அப்படியானால் விடை 90 அல்ல, 90 கூட்டல் கழித்தல் 1.8. இழப்பைப் பார்த்தால் இன்னும் மோசம்: 1 வாட் இழப்பில் கிட்டத்தட்ட 0.19 வாட் ஐயம். இந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு "90-லிருந்து 91 ஆக உயர்த்திவிட்டோம்" என்று எழுதினால் அதற்கு என்ன பெறுமானம்? கேள்வியை அப்படியே விட்டுவிட்டு நான் வெளியே போய்விடுவதுண்டு.

திரும்பி வரும்போது யாராவது ஒருவர் கேட்டிருப்பார்: அதே மீட்டர், அதே ரேஞ்ச் வைத்து இரண்டு சர்க்யூட்டையும் அளந்தால் மீட்டரின் பிழை இரண்டிலும் ஒன்றாகத்தானே இருக்கும், கழித்தால் போய்விடாதா? பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் ஒப்பிடும் சோதனைகளை ஒரே அமர்வில், ஒரே கருவிகளில் செய்ய வேண்டும். பழையதை முழுக்க அளந்துவிட்டுப் புதியதை அளப்பதும் கூடாது. பழையது, புதியது, பழையது, புதியது என்று மாறி மாறி அளந்தால் லேபின் வெப்பம் ஏறுவது ஒரு பக்கத்துக்கே சாதகமாக விழாது. மிஞ்சி நிற்பது திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் சிதறல். புதியதன் முன்னேற்றம் அந்தச் சிதறலைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் எழுதலாம்.

பாதுகாப்பு பற்றி ஒரே பத்தி, ஆனால் இதைத் தாண்டி யாரையும் விடாதீர்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு இணைந்தது. மெயின்ஸோடு நேரடித் தொடர்புள்ள சர்க்யூட்டில் கண்ட இடத்தில் அதை மாட்டினால் நேரே ஷார்ட். டிஃபரன்ஷியல் ப்ரோப் இல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டில் 37 ஜூலுக்கு மேல் வைத்திருக்கும், சப்ளையை அணைத்தாலும் வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை. முதல் பருவம் முழுக்க, தனிமைப்படுத்திய, கரண்ட் லிமிட் உள்ள, குறைந்த வோல்ட்டேஜ் சப்ளையிலேயே வேலை செய்யச் சொல்லுங்கள். தனியாக லேபில் யாரும் உட்காரக் கூடாது.

கட்டுரையை வாசிப்பது

அளக்கத் தொடங்கிய பிறகுதான் ஆய்வுக் கட்டுரை. முன்பே கொடுத்தால் வேதம் மாதிரிப் படிப்பார்கள், பின்பு கொடுத்தால் சக மாணவரின் லேப் நோட்டு மாதிரிப் படிப்பார்கள். இரண்டாவதுதான் சரி.

முதல் கட்டுரையை முழுக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கிடைமட்ட அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, ஏதாவது ஒரு புள்ளியின் மதிப்பு என்ன? அந்தப் புள்ளியை நாமே உண்டாக்க வேண்டுமானால் என்னென்ன தெரிய வேண்டும்? அந்தப் பட்டியலில் எவையெல்லாம் கட்டுரையில் சொல்லப்பட்டிருக்கின்றன, எவை இல்லை? ஸ்விட்சிங் அதிர்வெண் இருக்கும், இண்டக்டரின் கோர் என்ன பொருள் என்பது இருக்காது. இந்த 'இல்லை' பட்டியல்தான் மாணவர் எடுத்து வர வேண்டியது. பிறகு அதே படத்தை எல்டிஸ்பைஸ் அல்லது என்ஜிஸ்பைஸ் என்கிற சர்க்யூட் சிமுலேஷன் நிரலில் வரைந்து பார்க்கட்டும். இரண்டும் இலவசம். பொருந்தாது. ஏன் என்று தேடும்போதுதான் கட்டுரையின் மற்ற பக்கங்களைப் படிப்பார், அதுவும் ஊன்றிப் படிப்பார்.

பழைய கட்டுரை ஒன்றும் கட்டாயம் சேருங்கள். என் தேர்வு ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல். 1928-ல் ஜான் ஜான்சன் அளந்து எழுதினார், அதே இதழில் ஹாரி நைக்விஸ்ட் அதற்கு விளக்கம் எழுதினார். நைக்விஸ்ட் எழுதியது நாலு பக்கம்தான். இரண்டு ரெசிஸ்டர்களை ஒரு டிரான்ஸ்மிஷன் லைனால் இணைத்து வாதத்தை நகர்த்துகிறார், மூன்றாம் ஆண்டு மாணவருக்குப் புரியும். 10 கிலோஓம் ரெசிஸ்டர், 10 கிலோஹெர்ட்ஸ் அகலம், அறை வெப்பம் என்றால் 1.3 மைக்ரோவோல்ட். ஆயிரம் மடங்கு பெருக்கினால் 1.3 மில்லிவோல்ட், நம் லேபிலேயே அளக்கலாம். ஆம்ப்ளிஃபையரும் தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும். உள்ளீட்டை ஷார்ட் செய்து அதைத் தனியே அளந்து, வர்க்கமாகக் கழிக்க வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவர், போல்ட்ஸ்மன் மாறிலியைத் தன் கையால் ஓரளவுக்கு அளந்துவிடுவார்.

வாசித்ததை எழுதி வைக்க மூன்று வரி போதும். அவர்கள் என்ன கேட்டார்கள், எதை அளந்தார்கள், நான் நம்பாதது எது. மூன்றாவது வரி காலியாக இருந்தால் கட்டுரையை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த கட்டுரைக்குப் போக, பின்னால் உள்ள மேற்கோள்களை மட்டும் பார்க்காமல், கூகுள் ஸ்காலரில் இந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏஐ கருவிகள் தரும் மேற்கோள் பட்டியலில், யாருமே எழுதாத கட்டுரைகளும் வரும். ஒவ்வொன்றையும் திறந்து கண்ணால் பார்க்காமல் சேர்க்கக் கூடாது.

கணினியிலேயே செய்கிறேன் என்பவர்களுக்கு

இப்போது பாதிப் பேர் மெஷின் லேர்னிங் என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். தடுக்க வேண்டியதில்லை. சிமுலேஷனும் நல்ல தொடக்கம்தான். ஸ்பைஸ் நிரலின் வேரே 1970-ஐ ஒட்டி பெர்க்லியில் ரான் ரோரர் நடத்திய வகுப்பில் மாணவர்கள் எழுதிய நிரலில் இருக்கிறது. அதிலிருந்து வளர்த்து லாரி நேகலும் டொனால்ட் பெடர்சனும் 1973-ல் ஸ்பைஸை வெளியிட்டார்கள். ஆனால் கணினி வேலைக்கும் ஒரு 'கெப்பாசிட்டர் சோதனை' வேண்டும்.

நான் கொடுப்பது ஒரு வீட்டின் மின் நுகர்வுத் தரவு. பாரிஸுக்கு அருகே சோ என்ற ஊரில் 2006 டிசம்பரிலிருந்து 2010 நவம்பர் வரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பதிவான 20 லட்சத்துக்கும் அதிகமான ரீடிங்குகள், யாரும் இறக்கிக்கொள்ளலாம். அடுத்த ஒரு மணி நேர நுகர்வைக் கணிக்க வேண்டும். எந்த மாடலையும் தொடுவதற்கு முன், "போன வாரம் இதே கிழமை இதே மணிக்கு என்ன இருந்ததோ அதுவேதான்" என்கிற ஒரு வரிக் கணிப்பின் பிழையையும், "போன மணி நேரம் இருந்ததுதான்" என்பதன் பிழையையும் எடுத்து வரச் சொல்வேன். நியூரல் நெட்வொர்க் இவற்றை எவ்வளவு தாண்டுகிறது என்பதுதான் பேச்சு. தாண்டாமல் போவதும் உண்டு, அப்போது லேபில் நல்ல அமைதி நிலவும்.

இன்னொரு பொறி, தரவைக் குலுக்கிப் பிரிப்பது. நிமிடத் தரவைக் குலுக்கி எண்பதுக்கு இருபது என்று பிரித்தால், சோதனைக்கு வைத்த நிமிடத்தின் இரண்டு பக்கத்து நிமிடங்களும் பயிற்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதுவதுதான் அது. காலத்தால் பிரிக்க வேண்டும்: முதல் மூன்று வருடம் பயிற்சிக்கு, மிச்சம் சோதனைக்கு. மோட்டார் பேரிங் பழுதைக் கண்டுபிடிக்கிறவர்களிடமும் இதே கதை. கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் பேரிங் தரவை எல்லோரும் எடுக்கிறார்கள், நல்ல தரவுதான். ஒரே பேரிங்கின் ஒரே பதிவைத் துண்டு துண்டாக வெட்டிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பங்கு போட்டால் மாடல் பழுதைக் கற்றதா, அந்தப் பேரிங்கின் குரலைக் கற்றதா என்று சொல்ல முடியாது. 99 சதவீதம் என்று ஒருவர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எப்படிப் பிரித்தாய்?

பவர் சிஸ்டம்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஐ-ட்ரிபிள்-இ 14 பஸ் மாதிரியும் (பஸ் என்பது மின்வலையின் இணைப்புப் புள்ளி) மேட்பவர் என்கிற கணக்கிடும் நிரலும் இருக்கின்றன. 14 பஸ்ஸில் லோடு ஃப்ளோவை, அதாவது எந்தப் பஸ்ஸில் எவ்வளவு வோல்ட்டேஜ், எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் என்கிற கணக்கை, கையால் எழுதிய நிரலில் ஓட்டி, மேட்பவர் விடையோடு ஒப்பிட்ட பிறகு 118 பஸ்ஸுக்குப் போகட்டும்.

வாரம் அரை மணி

ஒரே நேரத்தில் நாலு மாணவருக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி, நாள் மாறாமல். வரும்போது ஒரு வரைபடம் கையில் இருக்க வேண்டும், அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதி, காகிதத்தில். காகிதம் என்றால் பென்சிலால் கிறுக்கலாம். என்ன வரும் என்று எதிர்பார்த்தாய், என்ன வந்தது, அடுத்து எதை மாற்றப்போகிறாய், இந்த மூன்றைத்தான் கேட்பேன். எதிர்பார்த்ததை அளப்பதற்கு முன்பே நோட்டில் எழுதியிருக்க வேண்டும். பிறகு எழுதினால் எல்லோரும் சரியாகவே எதிர்பார்த்திருப்பார்கள்.

லேபுக்குப் போனால் ப்ரோபை நான் கையில் வாங்குவதில்லை. கஷ்டமான விரதம்தான். எனக்கு நாலு நிமிடத்தில் தெரிந்துவிடுவது அவருக்கு ஒரு மாலை முழுக்க எடுக்கும். எடுக்கட்டும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு வாரம் நின்றுவிட்டால் கூட உட்கார்ந்துவிடுங்கள். அதற்குமேல் விட்டால் மாணவர் வருவதை நிறுத்திவிடுவார், நல்ல மாணவர்கள்தான் முதலில் நிறுத்துவார்கள்.

நோட்டு பற்றி: பேனாவில் எழுத வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது, தப்பை ஒரு கோட்டால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தேதி, கருவியின் மாடல், ப்ரோப் அலையை அப்படியே தரும் ×1-ஆ, பத்தில் ஒன்றாகக் குறைக்கும் ×10-ஆ, ரேஞ்ச், தரவுக் கோப்பின் பெயர். ஸ்கோப்பிலிருந்து படத்தை மட்டும் சேமிக்காமல் எண்களையும் சேமிக்கச் சொல்லுங்கள். படத்திலிருந்து எண்ணை அதே துல்லியத்தோடு திரும்ப எடுக்க முடியாது. 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'உண்மையான ஃபைனல்' என்று கோப்புகள் பெருகும் முன், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) நிரலைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள், ஒரு பிற்பகல் போதும்.

எழுதுவது, கைமாற்றுவது

எழுதத் தொடங்குவது படங்களிலிருந்து. மூன்று அல்லது நாலு படங்களை மேசையில் பரப்பி, எந்த வரிசையில் வைத்தால் கதை புரிகிறது என்று பாருங்கள். அந்த வரிசைதான் கட்டுரை. செய்முறையை முதலில் எழுதச் சொல்லுங்கள், முன்னுரையைக் கடைசியில். முன்னுரையில் தொடங்கினால் "மின்சாரம் இன்றைய உலகில் இன்றியமையாதது" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பதை வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். கட்டுரை தயாரான பிறகு பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கம் மாணவரைப் போக விடாதீர்கள். ஆசை காட்டுவார்கள். துறைக் கருத்தரங்கில் ஒரு போஸ்டர் வைத்து, எதிரே நிற்கிறவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லித் திணறுவது அதைவிட ஆயிரம் பங்கு மேல்.

கடைசிப் பருவம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கைமாற்றத்தைத் தொடங்குங்கள். போர்டு, தரவு, நிரல், நோட்டு எல்லாம் ஒரே இடத்தில், ஒரு பக்க விளக்கத்தோடு. அடுத்து வரப்போகும் மாணவரை உட்கார வைத்து, அதை மட்டும் வைத்துக்கொண்டு முதல் படத்தைத் திரும்ப அளந்து வரையச் சொல்லுங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே குறித்து, பழைய மாணவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் அவரையே அந்த இடத்தை நிரப்ப வையுங்கள்.